மஞ்சள் சீட்டில் ஏறாத வசவு

அந்த மீன் உறைநிலையத்தில் அவரைச் சொந்தப் பெயரால் கூப்பிட்டவர் ஒருவரும் இல்லை. வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் ‘சைரன்’தான். குரல் அப்படி. சாதாரணமாக "தண்ணி குடு" என்று கேட்டாலே பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் மொண்டு வந்துவிடுவார். ஆரம்பத்தில் பெட்டி சுமந்தார், பிறகு தள்ளுவண்டி தள்ளினார், முதுகு மக்கர் செய்யத் தொடங்கியதும் உறை அறையின் கதவுக்குக் காவல் போட்டார்கள். அந்த வேலைக்கென்றே பிறந்தவர் மாதிரி ஆகிவிட்டார்.

கதவு என்றால் வீட்டுக் கதவு இல்லை. சுவர் பருமனுக்கு இரும்புத் தகடு, நடுவில் பஞ்சு அடைத்தது. உள்ளே மீன் தட்டுகளை அடுக்கிய சக்கர அலமாரிகள் வரிசை வரிசையாக நிற்கும். தள்ளிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு ஆட்கள் வெளியே வந்ததும் கதவை மூடி நெம்புகோலை இறக்க வேண்டும். இறக்கின மாத்திரத்தில் உள்ளேயிருக்கும் ராட்சச விசிறிகள் தாமாகவே சுழலத் தொடங்கும். பிறகு உள்ளே யார் கத்தினாலும் வெளியே கேட்காது. உள்ளிருந்து திறக்க ஒரு கைப்பிடி உண்டு. அதன்மேல் பனி பாறையாகப் படிந்துவிடும். யாருக்காவது ஞாபகம் வந்தால் உடைத்துவிடுவார்கள், பெரும்பாலும் வராது. சைரன் கதவில் நிற்கும்போது அந்தக் கைப்பிடி எதற்கு என்று இருந்துவிட்டார்கள்.

ஏனென்றால் சைரனுக்கு ஒரு வழக்கம் இருந்தது. கதவை மூடுவதற்கு முன்னால் ஒரு இரும்புக் கம்பியால் கதவு நிலையைத் தட்டி, உள்ளே போன ஒவ்வொருவனையும் கெட்ட வார்த்தை சேர்த்துக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவர்கள் காதை மூடிய கம்பளித் தொப்பி போட்டிருப்பார்கள். சாதாரணக் குரல் அதற்குள் நுழையாது. சைரனின் குரல் நுழையும். கூப்பிடப்பட்டவன் வெளியே வந்துகொண்டே இவரைத் திருப்பித் திட்ட வேண்டும். எல்லாத் திட்டும் வந்து சேர்ந்த பிறகுதான் நெம்புகோலில் கை வைப்பார். "இதோ வரேன் அண்ணே" என்று எவனாவது மரியாதையாகப் பதில் சொன்னால் உடனே ஆளை உள்ளே அனுப்பித் தூக்கி வரச் சொல்வார். குளிர் மூளைக்கு ஏறினவன்தான் மரியாதையாகப் பேசுவான் என்பது அவர் கண்ட அனுபவம். ஒரு தடவை அது நிஜமாகவும் இருந்தது.

அந்த வசவுகளில் முக்கால்வாசியை அச்சில் ஏற்றினால் என்னை வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். ‘பனிக்கரடி’ என்று ஒரு தடியன் இருந்தான், அவனுக்கான வசவு அவன் பரம்பரையையே ஒரு சுற்றுச் சுற்றி வரும். ஏற்றக்கூடியது ஒன்றே ஒன்றுதான். அது கடைக்குட்டிக்கு உள்ளது.

கடைக்குட்டி சைரனின் மனைவிக்குக் கடைசித் தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அக்காவின் கல்யாணத்தோடு சேர்ந்தே இந்த வீட்டுக்கு வந்துவிட்டவன். அவர்களுக்குப் பிள்ளை இல்லை, இவன்தான் பிள்ளை. வளர்த்து ஆளாக்கி இதே நிலையத்தில் வேலையும் வாங்கிக் கொடுத்தார். சொந்த மச்சானை, அதுவும் மடியில் போட்டு வளர்த்தவனை, மற்றவர்களைத் திட்டுவது போலத் திட்ட வாய் வருமா? அதனால் வேறு மாதிரி கூப்பிடுவார்.

"டேய் கடைக்குட்டி! உங்க அக்கா சமையலைத் தின்னு என் நாக்கு செத்துப்போச்சு. நீயாவது உசுரோட வாடா வெளிய!"

பயலுக்கு ஒரு கொழுப்பு. முதல் கூப்பாட்டுக்கு அசைய மாட்டான். அலமாரிகளுக்குப் பின்னால் ஏதாவது வேலையை வைத்துக்கொண்டு, மாமா தொண்டை கிழிய மறுபடியும் கூப்பிடட்டும் என்று காத்திருப்பான். பிறகு உள்ளிருந்து குரல் மட்டும் வரும்.

"அதையே தின்னுட்டு இத்தனை வருசம் உசுரோட இருக்கியே மாமா, உனக்கு முன்னாடி இந்தக் குளிரெல்லாம் எம்மாத்திரம்!"

வெளியே நிற்பவர்கள் சிரிப்பார்கள். அவன்தான் எப்போதும் கடைசி. அவன் வந்தால் கதவை மூடலாம்.

இப்படியே போயிருந்தால் எனக்குச் சொல்ல ஒரு கதையும் இருந்திருக்காது. கம்பெனிக்கு ஒரு நல்ல எண்ணம் வந்தது. வேலை நடக்கும் விதத்தை எல்லாம் எழுதி வைத்து, வேண்டாததைக் கழித்து, புதுசாக ஒழுங்கு பண்ண வேண்டும். அதையும் மேலே உட்கார்ந்து எழுதாமல் தொழிலாளர்களையே கேட்டு எழுத வேண்டும் என்றார்கள். அதற்காக ஒரு ஆலோசகர் வந்தார். நடுவயதுப் பெண்மணி, தட்டைச் செருப்பு, தோளில் பெரிய பை. குறை சொல்ல இடமில்லாத மனுஷி. சாப்பாட்டுக் கூடத்தின் நீளச் சுவரில் வெள்ளைத் தாள் ஒட்டி, ஒவ்வொருவர் கையிலும் மஞ்சள் சீட்டுக் கட்டைக் கொடுத்தார். ஒரு சீட்டில் ஒரு வேலை. லாரி வருவதிலிருந்து மீன் பெட்டியாகி வெளியே போவது வரை வரிசையாக ஒட்ட வேண்டும். எழுத வராதவர்கள் சொன்னால் அவரே எழுதிக்கொண்டார்.

முதலில் எல்லோரும் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு சைரன் வாயைத் திறந்தார். திறந்தால் மூடுகிற வாயா அது? அலமாரிகளை இரண்டு தடவை இடம் மாற்றுகிற முட்டாள்தனத்தைச் சொன்னார். கழுவுகிற தண்ணீர் கதவுப் பக்கம் ஓடி வந்து பனியாகி வழுக்குவதைச் சொன்னார். அந்த அம்மாள் ஒன்றுவிடாமல் எழுதி ஒட்டினார். "ரொம்ப நல்லாச் சொல்றீங்க ஐயா" என்றார். சைரனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் அவரை ஐயா என்று யாரும் கூப்பிட்டதில்லை. அவர் சொன்னதை எழுதிக்கொண்டதும் இல்லை.

அப்புறம் கதவு வந்தது.

"உள்ள ஆள் இல்லைன்னு எப்படி உறுதி பண்ணிக்குவீங்க ஐயா?"

பனிக்கரடி இருமினான். யாரோ மூக்கால் சிரித்தார்கள். கடைக்குட்டி தலையைக் குனிந்துகொண்டு தோள் குலுங்க நின்றான்.

"பாத்துட்டுத்தான் மூடுவேன் மேடம்."

"வெறும பாக்குறது மட்டும்தானா? சத்தம் ஏதாவது குடுப்பீங்களா?"

சத்தம் என்று சொன்னால் என்ன சத்தம் என்று கேட்பார். கேட்டால் சொல்ல வேண்டும். சொன்னால் சீட்டில் எழுதுவார், சுவரில் ஒட்டுவார், மேனேஜர் வந்து படிப்பார். ஐயா என்று கூப்பிட்ட வாய்க்கு முன்னால் பனிக்கரடியின் பரம்பரையை எப்படி இழுப்பது?

"சேச்சே, அதெல்லாம் இல்லீங்க மேடம். பாத்தாலே தெரியும்."

"வேற யாராவது ஏதாவது சொல்லணுமா? வெக்கப்படாம சொல்லுங்க."

சைரனின் மானத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்து எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். அந்த அம்மாள் எழுதினார்: கதவருகே நின்று உள்ளே பார்க்கவும். ஆள் இல்லையென்றால் மூடவும். சீட்டை ஒட்டிவிட்டு அடுத்த வேலைக்குப் போனார். அன்று சாயங்காலம் பனிக்கரடி சைரனின் முதுகில் ஓங்கி அடித்து, "தப்பிச்சே சைரன் அண்ணே, நாறிப்போயிருக்கும்" என்றான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். சைரனும்தான் சிரித்தார்.

சீட்டுகள் புத்தகமாயின. எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். ஒழுங்கு பண்ணியதில் வேலை லேசாகத்தான் ஆனது, பொய் சொல்லக் கூடாது. சைரனுக்குப் பதவி வந்தது. செயல்முறை ஒருங்கிணைப்பாளர். வாயில் நுழையாத பேர், மாடியில் கண்ணாடி அறை, சுழல் நாற்காலி. கதவுக்கு வேறொருவர் வந்தார். பெட்டி எண்ணும் பிரிவிலிருந்து வந்த மனிதர். பயந்த சுபாவம். இருக்கும் இடம் தெரியாது. புத்தகத்தில் என்ன இருக்கிறதோ அதை அட்சரம் பிசகாமல் செய்கிறவர்.

புதிய கதவுக்காரர் முதல் நாள் கதவருகே நின்றதைச் சைரன் கண்ணாடி வழியாகப் பார்த்தார். மனிதர் கழுத்தை நீட்டி உள்ளே பார்த்தார். பிறகு நெம்புகோல் பக்கம் நகர்ந்தார். உள்ளே அலமாரிகளுக்குப் பின்னால் கடைக்குட்டி இருக்கிறான் என்பது சைரனுக்குத் தெரியும். படிகளில் எப்படி இறங்கினார் என்று அவருக்கே தெரியாது. ஓடி வந்து கம்பியை எடுத்து நிலையைத் தட்டி, "டேய் கடைக்குட்டி!" என்று ஆரம்பித்தார். உள்ளிருந்து வழக்கமான பதில் வந்தது. புதியவர் ஓரமாக ஒதுங்கி, மாமனும் மச்சானும் கேலி பேசிக்கொள்கிறார்கள் என்று மரியாதையாகச் சிரித்தார்.

அன்றைக்கே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. புத்தகத்தில் ஒரு படியைச் சேர்க்க வேண்டுமென்றால் கூட்டத்தில் எழுந்து காரணம் சொல்ல வேண்டும். அப்போது அந்த அம்மாளிடம் பொய் சொன்னது வெளியே வரும். மேனேஜர் கேட்பார், ஒருங்கிணைப்பாளருக்கு அழகா இது என்று. நாற்காலி போனாலும் போகும். அதனால் சைரன் ஒரு சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார்: கதவு மூடுகிற வேளையில் நானே இறங்கி வந்து கூப்பிட்டுவிட்டுப் போகிறேன், யாருக்கு என்ன நஷ்டம்?

அப்படியே செய்தார். தினமும் ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு இறங்குவார். தண்ணீர் குடிக்க, தாள் எடுக்க, காலை நீட்ட. இறங்கி வந்து கத்திவிட்டு ஏறுவார். உள்ளே வேலை செய்கிறவர்களுக்கு ஒன்றும் மாறவில்லை. சைரன் குரல் கேட்டால் வெளியே வர வேண்டும், கேட்கும்வரை அவசரமில்லை. அந்தக் குரல் புத்தகத்தில் இல்லை என்பதை அவர்கள் மறந்தே போனார்கள். சைரனால் மட்டும் மறக்க முடியவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தால் கண் கதவைவிட்டு நகராது. கக்கூசுக்குப் போகக்கூட வேளை பார்த்துப் போனார்.

ஒரு நாள் காய்ச்சல் அனலாக அடித்தது. அப்படியும் சட்டையை மாட்டினார். மனைவி வாசலை மறித்தாள்.

"இந்த உடம்போட எங்க கிளம்பிட்டீங்க? உக்காந்து பாக்குற வேலைதானே, ஒரு நாள் நீங்க பாக்கலேன்னா அங்க என்ன குடியா முழுகிடும்?"

உள் அறையில் கடைக்குட்டி தலை சீவிக்கொண்டு பாட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

"நீ இன்னிக்கு லீவு போட்டுடுடா" என்றார் அவனிடம்.

"காய்ச்சல் உனக்கா எனக்கா மாமா?"

அவன் போனான். அதனால் அவரும் போனார். வழியெல்லாம் பல் தந்தியடித்தது, அது காய்ச்சலால் மட்டும் இல்லை. அன்றைக்குத்தான் முடிவு பண்ணினார். அந்த அம்மாள் மறுபடி வரும்போது எது ஆனாலும் ஆகட்டும், உண்மையைச் சொல்லிவிடுவது என்று.

அந்த அம்மாள் வந்தார். தனியாக இல்லை. தலைமை அலுவலகத்திலிருந்து பெரிய மனிதர்களோடு வந்தார். புதிய முறை எப்படி நடக்கிறது என்று தொழிலாளர்கள் வாயாலேயே கேட்க வேண்டுமாம். எல்லோரும் சாப்பாட்டுக் கூடத்துக்கு வர வேண்டும், உள்ளே இருக்கும் சரக்கை அடைத்துவிட்டு ஒருவர் பாக்கியில்லாமல் வர வேண்டும் என்று மேனேஜர் சொல்லியனுப்பினார். சைரனை முன்கூட்டியே அழைத்துப் போய் முன் வரிசையில், விருந்தாளிகளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டார்கள்.

"நான் ஒரு எட்டு கீழ போயிட்டு வந்துடறேன் சார்."

"எங்க போறீங்க? உங்களைப் பத்தித்தான் முதல்ல பேசப்போறேன், உக்காருங்க" என்று மேனேஜர் தோளை அமுக்கினார்.

சைரன் உட்கார்ந்தார். ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மேனேஜர் பேசத் தொடங்கினார். இந்த மனிதர் கதவில் நின்ற ஆள், இன்றைக்கு நமக்கெல்லாம் வழிகாட்டி என்றார். கைதட்டினார்கள். சைரன் எழுந்து கும்பிட்டார். சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தார். அந்த அம்மாள் பெருமையோடு அவரைப் பார்த்துச் சிரித்தார். திறந்த வாய் மூடிக்கொண்டது. வந்ததை மென்று விழுங்கிவிட்டு உட்கார்ந்தார். விருந்தாளி பேசினார், இன்னொரு விருந்தாளி பேசினார். முன் வரிசையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பது மரியாதை இல்லை என்பதால் அவர் திரும்பவில்லை. எல்லோரும் வந்திருப்பார்கள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேயிருந்தார். பேச்சு சாப்பாட்டு வேளையையும் தாண்டிப் போனது.

கடைசியில் தொழிலாளர் பக்கம் மைக் போனது. அந்தச் சாக்கில் சைரன் திரும்பினார். பனிக்கரடி இருந்தான். பக்கத்தில் புதிய கதவுக்காரர் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவர்களுக்கு நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"கடைக்குட்டி எங்கடா?"

மைக் இல்லாமலே அந்தக் குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

"முன்னாடியே வந்து உங்க பக்கத்துல உக்காந்திருக்கான்னு நினைச்சேன் அண்ணே" என்றான் பனிக்கரடி.

சைரன் புதிய கதவுக்காரரைப் பார்த்தார். அவர் எழுந்து நின்றார். "பாத்துட்டுத்தான் மூடினேன்" என்றார். "கதவுகிட்ட நின்னு பாத்தேன். ஆள் இல்ல."

வெளியே ஒரு ஆளும் இல்லாத தளத்தில் விசிறிகள் மட்டும் சுவருக்குப் பின்னால் உறுமிக்கொண்டிருந்தன. சைரன் ஓடி இறங்கி வந்து நெம்புகோலைத் தூக்கினார், கதவை இழுத்தார். வெண்புகை அவர் மேல் கொட்டியது. கம்பியை எடுத்து நிலையைத் தட்டினார். விருந்தாளிகள், மேனேஜர், அந்த அம்மாள் எல்லோரும் பின்னால் நிற்பது தெரிந்தும், கூச்சநாச்சம் எல்லாம் போய், வாயில் வந்த அத்தனை கெட்ட வார்த்தையையும் வைத்துக் கத்தினார். வாழ்நாளில் கடைக்குட்டியைத் திட்டாத திட்டெல்லாம் திட்டினார். திருப்பித் திட்டுடா, திட்டுடா என்று கெஞ்சினார். விசிறிகள் மெதுவாக ஓய்ந்தன. பதில் வரவில்லை.

அவன் தூரத்தில் இல்லை. கதவுக்குப் பின்னாலேயே, உட்பக்கச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். கைப்பிடியின் மேலிருந்த பனியை மீன் தட்டால் அடித்து உடைக்கப் பார்த்திருக்கிறான். தட்டு நெளிந்து கிடந்தது. சைரன் அவனை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, மூடியிருந்த காதிலிருந்து தொப்பியைக் கழற்றிவிட்டு, மறுபடியும் கூப்பிட்டுப் பார்த்தார்.

அன்று சாயங்காலமே விசாரணை வைத்தார்கள். புதிய கதவுக்காரர் புத்தகத்தைக் காட்டினார், அதில் இருந்தபடிதான் செய்திருந்தார். அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. இந்தப் படியைச் சொன்னது யார் என்று அதிகாரி கேட்டபோது, அந்த அம்மாள் வாய் திறப்பதற்குள் சைரன் எழுந்து நின்றார்.

"நான்தான். நான் சத்தமும் குடுப்பேன். அதைச் சொல்லல."

அந்த அம்மாள் பையிலிருந்து மஞ்சள் சீட்டை எடுத்தார். "என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க ஐயா? அப்படியே சொல்லுங்க, எழுதிக்கறேன்" என்றார். சைரன் சொன்னார். பனிக்கரடியுடையதைச் சொன்னார், மற்றவர்களுடையதையும் வரிசையாகச் சொன்னார். அந்த அம்மாள் முகம் சுளிக்காமல் ஒவ்வொன்றாக எழுதினார். கடைக்குட்டியின் முறை வந்தபோது அவரால் முடியவில்லை. அந்தச் சீட்டு வெறுமையாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்தார். மனைவி விளக்குப் போடாமல் சமையலறை வாசலில் உட்கார்ந்திருந்தாள். பனிக்கரடி வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"நீங்க கூப்பிடுவீங்கன்னு காத்துக்கிட்டு இருந்தானா உள்ள?"

"ஆமா."

"என்ன சொல்லிக் கூப்பிடுவீங்க அவனை?"

இவளிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "உங்க அக்கா சமையலைத் தின்னு என் நாக்கு செத்துப்போச்சு, நீயாவது உசுரோட வாடா வெளியன்னு." அவன் என்ன பதில் சொல்வான் என்பதையும் சொன்னார். சொல்லும்போது அந்தப் பெருங்குரல் எங்கே போனதென்று தெரியவில்லை, பக்கத்தில் இருந்த அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னார்.

"இவ்வளவுதானா?" என்றாள். "இதைச் சொல்லவா உங்களுக்கு வெக்கமா இருந்துச்சு?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் எழுந்து உள்ளே போய், காலையில் தம்பிக்கென்று எடுத்து மூடி வைத்திருந்த சோற்றைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடி வைத்தாள்.